அச்சுக்கு ஒரு முஸஹ்ஹிஹ் இருந்தார், செயற்கை நுண்ணறிவுக்கு யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

எமது ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் இப்போது ஒரே வாதம். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பிள்ளைகள் பாவிக்கலாமா? மார்க்கக் கேள்விகளை அதனிடம் கேட்கலாமா? ஒரு சாரார் முற்றாக வேண்டாம் என்கிறார்கள். மறு சாரார் உலகத்தோடு ஓட வேண்டும் என்கிறார்கள். அந்த வாதத்தின் நடுவே யாராவது ஒருவர் தவறாமல் ஒரு வரலாற்றுக் கதையைக் கொண்டுவந்து போடுகிறார். "துருக்கி சுல்தான் அச்சியந்திரத்தைத் தடை செய்தார், உலமாக்கள் ஹராம் என்றார்கள், அதனால்தான் முந்நூறு வருடம் பின்தங்கினோம்" என்பதுதான் அந்தக் கதை.

இதில் பாதிதான் உண்மை. விடுபட்டுப்போன மறு பாதியில்தான் இன்றைக்கு எமக்குத் தேவையான பாடம் இருக்கிறது. வரலாறு படிப்பிக்கும் ஆசிரியர் என்ற வகையில் அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்தத் தடையைப் பார்ப்போம். உஸ்மானிய சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1485 அளவில் அச்சை மரண தண்டனை சொல்லித் தடை செய்தார் என்று பல நூல்களில் இருக்கிறது. ஆனால் அப்படியொரு கட்டளையின் மூலப் பிரதியை இதுவரை எவரும் கண்டெடுக்கவில்லை. ஏறக்குறைய நூறு வருடங்களுக்குப் பின்னர் ஒரு பிரெஞ்சுப் பயணி எழுதிய குறிப்பிலிருந்தே அந்தக் கதை பரவியது. அதே பாயஸீதின் ஆட்சியில், ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்டு இஸ்தான்புல்லில் தஞ்சம் புகுந்த யூதர்கள் 1493 இல் அங்கேயே ஹீப்ரு நூல் அச்சிட்டார்கள். 1567 இல் ஆர்மீனியர்களும் 1627 இல் கிரேக்கர்களும் அதே நகரில் அச்சகம் வைத்தார்கள். 1588 இல் சுல்தான் மூன்றாம் முராத், ஐரோப்பாவில் அச்சான அரபு எழுத்து நூல்களைக் கொண்டுவந்து விற்கும் வணிகர்களுக்கு எவரும் இடையூறு செய்யக் கூடாது என்று கட்டளையே பிறப்பித்தார்.

அப்படியானால் முஸ்லிம்கள் மட்டும் ஏன் இவ்வளவு காலம் தாமதித்தார்கள்?

ஒரு காரணம் எழுத்து. அரபு எழுத்து சொல்லின் தொடக்கத்தில் ஒரு வடிவம், நடுவில் ஒரு வடிவம், கடைசியில் ஒரு வடிவம் எடுக்கும். ஒன்றோடொன்று சேர்ந்தும் வரும். ஈயத்தில் தனித்தனி அச்செழுத்து வார்ப்பதற்கு அது இலகுவானதல்ல. இரண்டாவது காரணம் வயிற்றுப்பாடு. நூல்களைக் கையால் பிரதி எடுப்பதையே தொழிலாகக் கொண்ட காதிப்மார் ஏராளமாக இருந்தார்கள்.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. அது நம்பகம். எமது அறிவு மரபில் ஒரு கிதாபைப் பிரதி எடுத்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை. பிரதியை மூல நூலோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். இதற்கு முகாபலா என்று பெயர். உஸ்தாதின் முன்னால் வாசித்துக் காட்டி இஜாஸா பெற வேண்டும். ஒரு காதிப் பிழை விட்டால் ஒரு பிரதியில் மட்டும் பிழை. அச்சில் பிழை விட்டால் ஒரே நாளில் ஆயிரம் பிரதியில் பிழை.

இந்தப் பயம் வீணானது அல்ல. 1537, 1538 காலப்பகுதியில் இத்தாலியின் வெனிஸ் நகரில் பகனீனி என்ற தந்தையும் மகனும் முழுக் குர்ஆனையும் அச்சிட்டார்கள். முஸ்லிம் நாடுகளுக்கு விற்பதுதான் அவர்களின் நோக்கம் என்று கருதப்படுகிறது. எழுத்துகளிலும் புள்ளிகளிலும் பிழை மலிந்த அந்தப் பதிப்பு வியாபாரத்தில் தோற்றுப் போனது. பிற்காலத்தில் ஒரு பிரதி கூட மிஞ்சவில்லை என்றே நினைத்திருந்தார்கள். 1987 இல்தான் வெனிஸில் ஒரு மடத்து நூலகத்தில் ஒரே ஒரு பிரதி கண்டெடுக்கப்பட்டது. அரபு எழுத்தை அச்சில் வார்க்கத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அச்சானதைப் படித்துப் பிழை சொல்லக்கூடியவர் இருக்கவில்லை.

இனி 1727 ஆம் ஆண்டுக்கு வருவோம். இப்ராஹீம் முத்தஃபர்ரிகா என்பவர் ஹங்கேரிய வம்சத்தவர், இஸ்லாத்தை ஏற்றவர். அவரும், தன் தந்தையோடு தூதுக் குழுவில் பாரிஸ் சென்று வந்த ஸயீத் எஃபெந்தியும் சேர்ந்து இஸ்தான்புல்லில் அச்சகம் வைக்க அனுமதி கேட்டார்கள். அச்சின் நன்மைகளை விளக்கி முத்தஃபர்ரிகா ஒரு சிறு நூலே எழுதிக் கொடுத்தார். சுல்தான் மூன்றாம் அஹ்மத் அனுமதி வழங்கினார்.

ஷைகுல் இஸ்லாம் அப்துல்லாஹ் எஃபெந்தியிடம் ஃபத்வா கேட்கப்பட்டபோது அவர் ஹராம் என்று சொல்லவில்லை. குறைந்த உழைப்பில் நிறையப் பிரதிகள் கிடைப்பதும் நூலின் விலை குறைவதும் பயனுள்ள காரியம் என்று அனுமதித்தார். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். அச்சாகும் நூலைத் திருத்துவதற்குக் கல்விமான்களை நியமிக்க வேண்டும் என்றார்.

அவர்களுக்குத்தான் முஸஹ்ஹிஹ் என்று பெயர். எமது பத்திரிகை அலுவலகங்களில் ஒப்புநோக்காளர் என்பார்களே, அந்த வேலைதான். சுல்தானின் கட்டளையிலேயே நான்கு பேர் இதற்கென்று பெயர் குறித்து நியமிக்கப்பட்டார்கள். மூவர் காழிகள், ஒருவர் மௌலவிய்யா தரீக்காவின் ஷைக். 1729 இல் முதல் நூலாக வான்குலு அகராதி வெளிவந்தது.

தாமதத்துக்குக் கொடுத்த விலையை நான் மறைக்கவில்லை. குர்ஆன், தஃப்ஸீர், ஹதீஸ், ஃபிக்ஹ் நூல்களை அச்சிட அந்த அனுமதி இடம் கொடுக்கவில்லை. முத்தஃபர்ரிகாவின் காலத்தில் 1742 வரை வெளிவந்தவை 17 நூல்கள் மட்டுமே. ஐரோப்பாவிலோ 1500 ஆம் ஆண்டுக்கு முன்னரே பல மில்லியன் பிரதிகள் மக்கள் கைக்குப் போய்விட்டன. தாமதம் தாமதம்தான். ஆனால் "அச்சு கூடுமா கூடாதா" என்ற கேள்வியோடு நின்றுவிடாமல் "அச்சைத் திருத்துபவர் யார்" என்றும் கேட்டார்களே, அந்தக் கேள்வி வீண் போகவில்லை.

எகிப்தில் 1820 இல் தொடங்கப்பட்ட பூலாக் அச்சகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அல்-அஸ்ஹரில் படித்த ஷைகுமார் அங்கே முஸஹ்ஹிஹ்களாகச் சம்பளத்துக்கு வேலை செய்தார்கள். அவர்களில் தலைமைத் திருத்துநராக இருந்த நஸ்ர் அல்-ஹூரீனி அரபு எழுத்திலக்கணம் பற்றித் தனி நூலே எழுதினார். 1924 இல் கெய்ரோவில் வெளியான குர்ஆன் பதிப்பின் பின்னால் ஓர் அறிஞர் குழுவின் பல வருட உழைப்பு இருந்தது. உங்கள் வீட்டில் மதீனா முஸ்ஹஃப் இருந்தால் அதன் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். பரிசீலனைக் குழுவினரின் பெயர்கள் அங்கே இருக்கும். பிழையைப் பற்றிய பயம் அச்சைத் துரத்தவில்லை. அச்சுக்கு ஒரு காவலைப் போட்டுக் கொடுத்தது.

எமது நாட்டுக்கு வருவோம். ஈய எழுத்தின் சிக்கலைத் தீர்த்தது கல்லச்சு. கையெழுத்தை அப்படியே கல்லில் ஏற்றிப் பிரதி எடுக்கலாம் என்பதால் காதிப்பின் தொழிலும் போகவில்லை. அவர் ஒரு தரம் எழுதினால் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் போனது. 1869 இல் கொழும்பில் மலாய் முஸ்லிம்கள் அரபு எழுத்தில் "அலாமத் லங்காபுரி" என்ற பத்திரிகையைக் கல்லச்சில் வெளியிட்டார்கள். அரபுத்தமிழ் கிதாபுகள் கடலின் இரு கரையிலும் வீடுகளுக்குள் போயின. 1882 இல் கண்டியின் அறிஞர் சித்தி லெப்பை "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தொடங்கினார். 1885 இல் அவருடைய "அஸன்பே" கதை நூலாக வந்தது. பெண்பிள்ளைகளுக்கும் பாடசாலை வேண்டும் என்ற பேச்சு ஊர் ஊராகப் போனதற்கு அந்த அச்சுத் தாள் ஒரு காரணம். அதற்கு ஓர் ஆசிரியர் இருந்தார். வந்த சரக்கையெல்லாம் அவர் அச்சேற்றவில்லை. எழுதியதற்குத் தன் பெயரால் பொறுப்பும் நின்றார்.

திருத்துபவர் இல்லாத அச்சகம் எப்படி இருக்கும் என்பதையும் இந்த நாட்டில் நாம் பார்த்துவிட்டோம். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாக ஒரு வீடியோ பரவியது. அன்றிரவே கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. சாப்பாட்டில் இருந்தது வெறும் மாவுக் கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அந்த அறிவிப்பு வீடியோ போன தூரத்தில் கால்வாசி கூடப் போயிருக்காது. அடுத்த வாரம் திகன, தெல்தெனியப் பக்கம் வேறொரு சம்பவத்தைத் தொட்டு வன்முறை வெடித்தபோது பேஸ்புக் பதிவுகள் அதில் எண்ணெய் ஊற்றின. மார்ச் 7 ஆம் திகதி அரசாங்கம் சமூக ஊடகங்களையே தற்காலிகமாக முடக்கியது. சிங்களத்தில் வரும் வெறுப்புப் பதிவுகளைப் பரிசீலிக்கப் போதிய ஆட்கள் அந்நிறுவனத்திடம் இருக்கவில்லை. 2020 மே மாதம் பேஸ்புக் நிறுவனம் அதற்காக மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடைகளுக்கும் வீடுகளுக்கும் அந்த மன்னிப்பு இரண்டு வருடம் பிந்தியது.

முஸஹ்ஹிஹ் இல்லாத அச்சகம் என்றால் அதுதான். இப்போது வந்திருக்கும் தொழில்நுட்பம் அதையும் தாண்டியது. பழைய அச்சகம் மனிதன் எழுதியதைப் பெருக்கிக் கொடுத்தது. இது தானே எழுதுகிறது, தானே படம் வரைகிறது, ஒருவரின் குரலைக் கேட்டு அதே குரலில் அவர் சொல்லாததைச் சொல்கிறது. கேள்வி கேட்டால் தயக்கமே இல்லாமல் பதில் தரும். இல்லாத ஹதீஸுக்கு இலக்கமும் போட்டுக் கொடுக்கும். ஆங்கிலத்தை விடத் தமிழில் பிழை இன்னும் கூடுதல்.

போன தவணை தரம் 10 பிள்ளைகளிடம் சித்தி லெப்பை பற்றி ஒப்படை கேட்டிருந்தேன். மூன்று பேரின் கொப்பியில் ஒரே பந்தி. மூன்றிலும் அவர் மட்டக்களப்பில் பிறந்தார் என்று இருந்தது. "எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டேன். "போன்ல கேட்டோம் சேர்" என்றார்கள். பாடநூல் மேசையில்தான் கிடந்தது. பிள்ளைகளைக் குறை சொல்லி வேலையில்லை. வீட்டில் பெரியவர்கள் வரும் செய்தியை அப்படியே அனுப்புவதைத்தானே அவர்களும் பார்க்கிறார்கள்?

அதனால் என் கருத்து இதுதான். தடை செய்வதும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு ஓடுவதும் வேண்டாம். அந்தச் செயலியால் நன்மையும் உண்டு. கண் பார்வை இல்லாதவருக்கு வாசித்துக் காட்டுகிறது. டியூசனுக்குக் காசில்லாத பிள்ளைக்குக் கணக்கை எத்தனை தரம் கேட்டாலும் விளங்கப்படுத்துகிறது. அதை நாம் தள்ளிவிட்டால் நட்டம் நமக்குத்தான். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு முஸஹ்ஹிஹ் இருக்க வேண்டும்.

வீட்டில் அது பெற்றோர். "யார் சொன்னது, எங்கே இருக்கிறது?" என்று கேட்கும் பழக்கம் போதும். வகுப்பறையில் நாங்கள் ஆசிரியர்கள். செயலி தந்த விடையைப் பாடநூலோடு ஒப்பிட்டுப் பிழை கண்டுபிடிக்கும் வேலையையே ஒப்படையாகக் கொடுக்கலாம். ஊரில் பள்ளிவாசல் நிர்வாகமும் உலமாக்களும் பட்டதாரி இளைஞர்களும் சேர்ந்து ஐந்து பேர் போதும். சந்தேகமான செய்தியோ குரல் பதிவோ வந்தால் அவர்களிடம் கேட்டுவிட்டுப் பகிர்வது என்று குழுமங்களில் ஒரு முடிவு எடுக்கலாம். மார்க்கக் கேள்விக்கு முகம் தெரிந்த, பொறுப்பேற்கும் ஓர் ஆலிமிடம் போக வேண்டும். வரும் செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு ஸூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாவது வசனம் எமக்குக் கட்டளையிட்டிருக்கிறது. அது கடிதத்துக்கும் பொருந்தும், கைத்தொலைபேசிக்கும் பொருந்தும்.

1727 இல் ஒரு பேரரசு நான்கு பேரை நியமித்தது. எமது ஊருக்கு ஐந்து பேரைத் தேடுவது கஷ்டமா? முன்வர விரும்புபவர்கள் பின்னூட்டத்தில் பெயர் போடுங்கள். இன்ஷா அல்லாஹ் வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பின் உட்கார்ந்து பேசுவோம். இந்தப் பதிவில் பிழை கண்டாலும் அங்கேயே எழுதுங்கள்.