தோட்ட மருத்துவமும் தோலிற் படரும் மார்பகப் புற்றும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் மேனாட்டு மருத்துவம் வேரூன்றிய வரலாறு, பெரும்பாலும் தொற்றுநோய்களோடு நிகழ்த்திய போரின் வரலாறேயாகும். 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைச் சட்டம் கோப்பித் தோட்டத் தொழிலாளரைக் கருதி எழுந்தது. 1912இல் அது புதுக்கப்பெற்றது. வாந்திபேதிக்கும் அம்மைக்கும் அஞ்சியே, கடல் கடந்து வருவோர் மண்டபம் முகாமிற் தடுத்துவைக்கப்பட்டனர். 1916இல் ராக்கபெல்லர் நிறுவனத்தின் துணையோடு கொக்கிப்புழு ஒழிப்புத் தொடங்கிற்று. 1934–35இன் மலேரியாக் கொடுமையோ கேகாலையை ஏனைய மாவட்டங்களினும் மிகுதியாக வாட்டியது. இவற்றிடையே பழகிய மருத்துவக் கண், சிவப்பும் வெம்மையும் கண்டவிடத்துத் தொற்றையே முதலில் நினைத்தது வியப்பன்று.

ஆயின், தொற்றின் வேடம் பூண்டு வரும் புற்றும் ஒன்றுண்டு. மார்பகப் புற்றணுக்கள் தோலின் நிணநீர்க் குழாய்களை அடைக்குங்கால், நீர் தேங்கி மார்பு சிவந்து வீங்கும்; தோல், தோடம்பழத் தோல்போலச் சிறு குழிகள் பெறும். கட்டி பலகாலும் கைக்கு அகப்படாது. பாலூட்டும் தாய்க்கு இது நேரின் பாற்கட்டு என்பர். தோலிற் செம்படை கண்டால் அக்கி என்று கொண்டு செம்மண்ணால் எழுதுவிப்பதும் தமிழ்நாட்டுச் சிற்றூர் வழக்கமன்றோ?

இம்மயக்கம் தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று. மார்பின் தோல் ஊதா நிறம் பெற்று வலித்தலைத் தீய குறியென ஸ்கொட்லாந்து அறுவை மருத்துவர் சார்ள்ஸ் பெல் 1814இலேயே குறித்தார். அமெரிக்க மருத்துவரான லீ, டானென்பாம் என்னும் இருவரும் 1924இல் இதனை ‘அழற்சிப் புற்று’ என விரித்துரைத்தனர். அதற்குப் பின்னரும் நகரத்துப் பெருமருத்துவமனைகளிலேயே இப்பிழை நிகழ்ந்ததெனின், தோட்டத்து மருந்துச்சாலையை மட்டும் பழித்தல் நேர்மையாகாது.

1940களின் பின்னர்ப் பரவிய பென்சிலின், எதிர்பாராத வகையில் ஓர் உரைகல்லுமாயிற்று. உண்மைத் தொற்றாயின் மருந்துக்குச் சில நாளில் அடங்கும்; புற்றோ அடங்காது, காய்ச்சலும் பெரும்பாலும் இராது. ஒன்றிரண்டு வாரத்தில் சிவப்பு மாறாவிடின் தோலிற் சிறு துண்டெடுத்து உருப்பெருக்கியிற் காணல்வேண்டும். அஃதின்றி மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தலால் மாதங்கள் கழியும்; விரைந்து பரவும் இந்நோய்க்கு மாதம் என்பது நெடுங்காலம்.

விடியலிற் பால்வெட்டச் செல்லும் பெண்ணுக்கு ஒருநாள் வைத்தியசாலை என்பது ஒருநாட் ‘பேர்’ இழத்தலாகும். ஆடவரான வைத்தியரிடம் மார்பு காட்டும் நாணமும் உடன்சேரும். 1950களில் மகரகமையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. ஆயினும் சபரகமுவ மலையிலிருந்து அங்குச் செல்லுதற்கு, அது புற்றாயிருக்கலாம் என்று முதலில் ஒருவர் ஐயுறுதல் வேண்டியிருந்தது.