கூரத்து மண்டபமும் சென்னை வாடகையும்

காஞ்சிபுரத்திற்கு அருகே உள்ள கூரம் என்னும் சிற்றூரை வரலாறு பயில்வோர் இரண்டு காரணங்களால் அறிவர். வைணவப் பெரியார் கூரத்தாழ்வான் பிறந்த ஊர் அது. பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழங்கிய புகழ்பெற்ற செப்பேடுகளுக்குரிய ஊரும் அதுவே. பல்லவ, சாளுக்கியப் போரைப் பற்றிய செய்திகளுக்காகவே அச்செப்பேடுகளைப் பலரும் புரட்டுகின்றனர். ஆயினும் அவற்றில் நம் சிந்தனைக்குரிய சிறு செய்தி ஒன்றும் உண்டு.

பரமேசுவரமங்கலம் என்னும் ஊரின் வருவாயை மன்னன் 25 பங்குகளாக வகுத்தான். இருபது பங்குகள் மறையவர் இருபதின்மருக்கு. மூன்று பங்குகள் கோயில் வழிபாட்டிற்கு. ஒரு பங்கு கூரத்து மண்டபத்தில் பாரதம் படிப்பதற்கு. எஞ்சிய ஒரு பங்கு, அம்மண்டபத்திற்குத் தண்ணீரும் நெருப்பும் அளிப்பதற்கு! கதை கேட்க வந்தோரும் வழிவந்து தங்கினோரும் பயன்பெறவே இந்த ஏற்பாடு எனக் கருதலாம். எல்லாக் குலத்தாருக்கும் அம்மண்டபம் திறந்திருந்தது என்று கூற நாம் துணியோம். அக்காலச் சமூகத்தின் வேலிகள் நாமறிந்தவையே. ஆனால் வந்தவனுக்கு நீரும் நெருப்பும் தருவது ஊரின் பொறுப்பு என்ற எண்ணம் செப்பேட்டில் ஏறும் அளவுக்கு வலுவாக இருந்தது என்பதை மறுக்க இயலாது.

ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. காஞ்சி வட்டாரத்தில் தறியை விட்டு வேலை தேடிச் சென்னைக்குச் செல்லும் இளைஞன், நீரும் நெருப்பும் ஒரு கூரையும் பெறுவதற்குத் தன் சம்பளத்தில் எத்தனை பங்கைத் தர வேண்டியிருக்கிறது? இந்த மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதற்குச் சென்னையின் வரலாறே விடை கூறும்.

சென்னையும் தொடக்கத்தில் வந்தவர்களுக்கு இடம் தந்தே வளர்ந்தது. துணி ஏற்றுமதியை நம்பி வாழ்ந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நெசவாளர் அருகிலேயே தேவைப்பட்டனர். ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில், 1734ஆம் ஆண்டு, கூவம் ஆறு வளைந்தோடும் இடத்தில் சுங்குராமச் செட்டியார் வசமிருந்த தோட்டத்தை மீட்டு, நூற்போர், நெய்வோர், சாயமிடுவோர் ஆகியோருக்கெனக் கம்பெனி ஒரு குடியிருப்பை அமைத்தது. அதுவே சிந்தாதிரிப்பேட்டை. ‘சின்னத் தறிப் பேட்டை’ என்பதே அவ்வாறு மருவியது என்பர். குழித்தறிக்குத் தரையில் பள்ளம் வேண்டும். பாவு நீட்டத் தெரு வேண்டும். நெசவாளனுக்கு வீடே தொழிற்கூடம் என்பதால், அவனை அழைத்தவர்கள் வீட்டையும் சேர்த்தே எண்ண வேண்டியிருந்தது. இது கருணையன்று, வணிகம். எனினும் அழைத்தவன் இடம் தந்தான் என்பது வரலாறு.

அழைப்பில்லாமல் வந்தவர் நிலை வேறு. அதற்கு ஆர்க்காட்டு நவாபே சான்று. நவாப் முஹம்மது அலி வாலாஜா புனித ஜார்ஜ் கோட்டைக்குள் மாளிகை கட்டிக்கொள்ள விரும்பினார். கம்பெனிக்குக் கடன்பட்டுப் பிணைந்திருந்த அவருக்கே கோட்டைக்குள் இடம் அமையவில்லை! பின்னர்க் கோட்டைக்கு வெளியே, சேப்பாக்கத்தில், 1768இல் அவருடைய அரண்மனை எழுந்தது. அவரைப் பின்தொடர்ந்து வந்தோர் திருவல்லிக்கேணிப் பகுதியில் குடியேறினர். அங்கே 1795இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசல் இன்றும் அக்குடியேற்றத்தின் சின்னமாக நிற்கிறது. பிற்காலத்தில் அதே திருவல்லிக்கேணியின் ‘மேன்சன்’களே வெளியூர் இளைஞர்களின் முதற்புகலிடமாயின. ஓர் அறையை மூவர், நால்வர் பகிர்ந்துகொண்டு பட்டணத்து வாழ்வைத் தொடங்கியோர் பல்லாயிரவர்.

வாடகைக்குச் சட்டம் கடிவாளமிட்டது இரண்டாம் உலகப் போரின்போதுதான். 1941இல் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. அடுத்த ஆண்டே ஜப்பானியர் தாக்குவர் என்ற அச்சத்தில் நகரம் காலியாயிற்று. வீடுகள் பூட்டிக் கிடந்தன. அச்சம் நீங்கியதும் சென்றவர் மீண்டனர். புதியவரும் வந்து குவிந்தனர். 1941இல் ஏறத்தாழ 7.8 லட்சமாயிருந்த மக்கள்தொகை, எல்லை விரிந்த நகரில் 1951இல் 14 லட்சத்தைத் தாண்டியது. 1946இலும் 1949இலும் தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. பின்னர் வந்த 1960ஆம் ஆண்டுச் சட்டமே அரை நூற்றாண்டுக்கு மேல் நடைமுறையில் இருந்தது.

அச்சட்டம் நியாய வாடகையைக் கணக்கிட வழி வகுத்தது. காரணமின்றிக் குடியிருப்பவரை வெளியேற்றலாகாது என்றது. ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்றும் விதித்தது. ஆனால் சென்னையில் வீடு தேடியவர் எவரும் பத்து மாத முன்பணம் என்ற சொல்லைக் கேளாமல் திரும்பியதில்லை. சட்டம் ஏட்டில் ஒன்று சொல்ல, வழக்கம் வாசற்படியில் வேறொன்று சொன்னது. மறுபுறம், பழைய வாடகையிலேயே பல்லாண்டு நிலைத்த குடித்தனங்களால், வீட்டை நம்பி வாழ்ந்த முதியோரும் விதவையரும் அல்லற்பட்டதுண்டு. வாடகைக்கு விடவே அஞ்சி வீட்டைப் பூட்டி வைத்தோரும் உளர். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுப் புதிய சட்டம், வாடகையை இருதரப்பு ஒப்பந்தத்திற்கே விட்டுவிட்டது. எழுத்து ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கட்டாயமாக்கியது. முன்பணத்திற்கு மூன்று மாத வாடகை என எல்லை வகுத்தபோதிலும், ‘வேறு உடன்பாடு இல்லையெனில்’ என்ற வாசலையும் திறந்தே வைத்தது. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்பவனிடம் எந்த உடன்பாட்டைத்தான் பெற முடியாது?

பணம் மட்டுமே தடையுமன்று. ‘எந்த ஊர்?’ என்று தொடங்கும் விசாரணை, ‘என்ன சாப்பிடுவீர்கள்?’ என வளர்ந்து, பெயரில் வந்து முடிகிறது. பெயரைக் கேட்டதும், ‘நேற்றே ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டாரே’ என்று கதவு மெல்லச் சாத்தப்படுகிறது. முஸ்லிம்கள் மட்டுமல்லர்; ஒடுக்கப்பட்ட சாதியினரும் தனித்து வாழும் பெண்களும் இந்த மென்மையான மறுப்பை நன்கறிவர். மறுப்பவர் யாவரும் தீயவர் அல்லர். அண்டைவீட்டார் என்ன சொல்வரோ என்று அஞ்சுவோரே பலர். எனினும் வெயிலில் அலைபவனுக்கு அந்த வேறுபாட்டால் பயன் இல்லை. மக்காவைத் துறந்து மதீனா புகுந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குத் தம் வீட்டைத் திறந்துவிட்ட அபூ அய்யூப் அன்ஸாரி (ரலி) அவர்களின் பெயர் இன்றும் நன்றியோடு நினைக்கப்படுவது எதனால் என்பது, வீடு மறுக்கப்பட்டவனுக்கே நன்கு விளங்கும்.

இன்றும் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் நாடெங்கிலுமிருந்து ஆட்களைச் சென்னைக்கு அழைக்கின்றன. அழைப்பு இருக்கிறது, இடத்தைப் பற்றிய பொறுப்பு மட்டும் அழைக்கப்பட்டவன் தலையில் விழுகிறது. தொழில் நடத்துவோர் தம் ஆதாயத்தில் ஒரு பகுதியைப் பணியாளர் குடியிருப்புக்கு ஒதுக்கலாம். ஊர்ச் சங்கங்களும் ஜமாஅத்துகளும் அறநிலையங்களும் தம் ஊர்ப் பிள்ளைகள் முதல் சில மாதங்கள் தங்குவதற்குரிய விடுதிகளை எழுப்பலாம். பேரரசன் ஒருவனின் கருவூலம் இதற்குத் தேவையில்லை. கூரத்து மண்டபத்தின் நீருக்கும் நெருப்புக்கும் அன்று ஒதுக்கப்பட்டது இருபத்தைந்தில் ஒரு பங்குதான்.