சைகோன் கடிதம் முதல் லிங்க்ட்இன் வரை

பட்டம் வாங்கிய பேரப்பிள்ளைகள் வேலை தேடும் விதத்தைப் பார்த்து நம் வயதுக்காரர்கள் சலித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. "நாள் முழுக்க போனைத் தடவுகிறான், கேட்டால் வேலை தேடுகிறேன் என்கிறான்" என்று கடற்கரையில் காலை நடைக்கு வரும் நண்பர்களில் யாராவது ஒருவர் தினமும் சொல்கிறார். பையன் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். அதோடு, அவன் செய்வது நம் புதுச்சேரிக்குப் புதிதும் அல்ல.

1881 செப்டம்பரில் வந்த பிரெஞ்சு ஆணை ஒன்று, சாதி, மத வழக்கப்படியான சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்க நம் ஊராருக்கு வழி செய்தது. அப்படித் துறந்த பலர் கொச்சின்சீனாவுக்குக் கப்பலேறினார்கள். போலீஸ், சிறைச்சாலை, தபால், சந்தை வரி வசூல், கலங்கரை விளக்கம் என்று அங்கே சர்க்கார் உத்தியோகம். இதற்கெல்லாம் யார் பத்திரிகையில் விளம்பரம் பார்த்தார்கள்? முன்னே போனவர் கடிதம் போடுவார், பின்னே ஒருவர் புறப்படுவார். என் பாட்டனாரின் அண்ணன் சைகோனில் 'துவான்' என்ற சுங்க இலாகாவில் இருந்தார். அவர் எழுதிய கடிதங்கள் சில எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் வெகுகாலம் கிடந்தன. பாதிக்குப் பாதி, யார் வீட்டுப் பிள்ளை தேறிவிட்டான், எந்த இடம் காலியாகிறது என்ற சமாச்சாரம்தான். அப்படி எழுத ஒரு பெரியப்பா இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு சைகோன் என்பது வரைபடத்தில் ஒரு புள்ளி, அவ்வளவே.

இதை மாற்றியது வேலைவாய்ப்பு அலுவலகம். இரண்டாம் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடித்தர 1945-இல் தொடங்கிய ஏற்பாடு அது. பிறகு எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டு, 1956 நவம்பரில் மாநிலங்களின் பொறுப்புக்கு வந்தது. 1959-இல் காலியிடங்களைக் கட்டாயமாகத் தெரிவிக்கவேண்டும் என்ற சட்டமும் வந்தது. 25 பேரோ அதற்கு மேலோ உள்ள தனியார் நிறுவனமும் அந்தச் சட்டப்படி தெரிவிக்கவேண்டியிருந்தது; ஆனால் அங்கிருந்துதான் ஆள் எடுக்கவேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. அந்த ஓட்டை வழியாகத் தனியார் வேலை முழுவதும் வெளியே போய்விட்டது, அது வேறு கதை.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பக்கலொரேயா சான்றிதழுக்குச் சமநிலைக் கடிதம் வாங்கி, மாலை வகுப்பில் ஆங்கில டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்து, பெயரைப் பதிந்து எக்ஸ்-10 அட்டை வாங்கினேன். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாலு வருஷம் காத்திருந்தேன். புதுப்பிக்கும் தேதி தவறினால் மூப்பு போய்விடும். ஆகவே அம்மா அந்தத் தேதியை அடுப்பங்கரைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதி வைத்திருந்தாள். ஒருநாள் கார்டு வந்தது, கீழ்நிலை எழுத்தரானேன். என் அப்பாவுக்கு ஒரு பியூனைக்கூடத் தெரியாது. பதிவு எண்தான் எனக்காகப் பேசியது. இதை நான் இன்றும் சாதாரணமாக நினைப்பதில்லை. யாரையும் தெரியாதவனுக்கும் வரிசையில் ஓர் இடம் உண்டு என்ற காலம், சைகோன் கடிதத்துக்கும் செல்போனுக்கும் நடுவே ஐம்பது வருஷம்கூட முழுதாக நீடிக்கவில்லை.

1996-இல் உச்ச நீதிமன்றம், அலுவலகம் அனுப்பும் பட்டியலோடு நிற்காமல் பத்திரிகையிலும் விளம்பரம் செய்து எல்லோரையும் பரிசீலிக்கவேண்டும் என்றது. நியாயமான தீர்ப்புதான். ஆனால் பதிவு மூப்பின் பலம் அதோடு குறைந்தது. மறு வருஷமே நௌக்ரி.காம் வந்தது, 2003-இல் அமெரிக்காவில் லிங்க்ட்இன் தொடங்கியது. கதை திரும்பவும் 'யாரைத் தெரியும்' என்ற இடத்துக்கே வந்துவிட்டது.

ஒரு வித்தியாசம் உண்டு. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973-இல் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களைக் கேட்டதில், அடிக்கடி சந்திக்கும் நெருக்கமானவர் வழியாகப் பெற்றவர்கள் சுமார் 17 சதவீதம்தான். மற்றவர்களுக்கு உதவியது எப்போதாவது பார்க்கும் அரைகுறைப் பழக்கம். நெருங்கியவனுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்துப் பழக்கக்காரன்தான் புதுச் செய்தி கொண்டுவருவான் என்பது அவர் வாதம். லிங்க்ட்இன் பயன்படுத்தும் இரண்டு கோடிப் பேரை ஐந்து வருஷம் கவனித்து 2022-இல் வெளியான ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. ஆக, பெரியப்பா இல்லாவிட்டாலும் பாதகமில்லை; கல்லூரியில் மூன்று வருஷம் முன்னே படித்த, முகம்கூட மறந்த ஒருவர் போதும். "அண்ணா, வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று எழுதினால் பதில் வராது. "உங்கள் பிரிவில் என்ன மென்பொருள் பயன்படுத்துகிறீர்கள், புதிதாக வருபவனிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள்" என்று கேட்டால் பெரும்பாலும் வருகிறதாம்.

ஆள் தேடித்தரும் ரிக்ரூட்டர் என்பவர் நிறுவனத்தின் ஆள், பையனின் ஆள் அல்ல. அவருக்குக் கூலி கொடுப்பது நிறுவனம். ஆயிரக்கணக்கான விவரக்குறிப்புகளில் சில சொற்களைத் தட்டித் தேடுகிறார்; அந்தச் சொல் இல்லாதவன் கண்ணில் படமாட்டான். அண்மையில் திருத்திய குறிப்பு முன்னால் வருவதும் உண்டு. அடுப்பங்கரைச் சுவரில் தேதி எழுதிய என் அம்மாவுக்கு இது உடனே விளங்கியிருக்கும்.

பையனிடமே பணம் கேட்பவர் ரிக்ரூட்டர் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் ரெயூனியோன் கரும்புத் தோட்டத்துக்கு நம் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள் பிடித்த மேஸ்திரிகளின் வம்சம் இன்று டெலிகிராமில் உலவுகிறது. தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரில் அடைத்து, இணைய மோசடி செய்ய வைத்த கும்பல்களைப் பற்றி 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரித்தது. அப்படிச் சிக்கி மீண்டுவந்தவர்களில் தமிழ்ப் பட்டதாரிகளும் இருந்தார்கள்.

எதிர்வீட்டுப் பையனுக்கும் அப்படி ஒரு அழைப்பு வந்தது. மாதம் எண்பதாயிரம், நேர்காணல் பத்தே நிமிஷம், விசா அங்கே போனதும். "தாத்தா, பிரெஞ்சு கம்பெனி என்கிறார்கள், இந்தக் கடிதத்தைப் படித்துப் பாருங்கள்" என்று கொண்டுவந்தான். தலைப்பில் இருந்த பிரெஞ்சில் இரண்டு வரிக்குள் மூன்று பிழை. எங்கள் பள்ளிக்கூடத்தில் அதற்கு முட்டி போட வைத்திருப்பார்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்கவேண்டும், இ-மைக்ரேட் தளத்தில் பெயரைப் பார் என்றேன். பெயர் இல்லை. அவன் அம்மா நகையை அடகு வைக்க எடுத்து வெளியே வைத்திருந்தாள். திரும்ப உள்ளே வைத்தாள்.

அவன் இப்போது சென்னையில் இருக்கும் பழைய சீனியர் ஒருத்திக்கு எழுதியிருக்கிறான். அவள் பெயரைக் கொடுத்துவிட்டாள். வியாழக்கிழமை இரண்டாம் சுற்று இருக்கிறதாம்.