கட்டுக்கடங்காத பாலியல் பழக்கம்: எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

அம்பாங் பெச்சாவிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் சர்க்கரை நோயைப் பற்றிப் பேச யாரும் தயங்குவதில்லை. மாத்திரைப் பையைத் திறந்தே காட்டுவார்கள். ஆனால், பாலியல் உந்துதலை அடக்க முடியாமல் ஒருவர் தவித்தால், 'கெட்ட புத்தி' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். திருக்குறளில் காமத்துப்பாலுக்கு மட்டும் 250 குறள்கள் உண்டு. பள்ளியில் அந்தப் பக்கங்களை எங்களுக்கு யாரும் திறந்து காட்டியதில்லை.

இந்தத் தவிப்புக்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் 'கட்டாயப் பாலியல் நடத்தைக் கோளாறு' இடம்பெற்றுள்ளது. போதைப் பழக்கங்களோடு அதைச் சேர்க்கவில்லை. உந்துதலைக் கட்டுப்படுத்த இயலாத கோளாறுகளின் வரிசையில் வைத்திருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 நூலில் இதற்கு இடம் கொடுக்கவில்லை. வல்லுநர்களிடையே விவாதம் இன்னும் ஓயவில்லை.

எத்தனை முறை என்பதை வைத்து மட்டும் இது நோயா என்று முடிவு செய்வதில்லை. கட்டுப்பாடு கையை விட்டுப் போய்விட்டதா என்பதே கேள்வி. நிறுத்த வேண்டும் என்று பலமுறை முயன்றும் முடியவில்லை. வேலையும் குடும்பமும் உடல்நலமும் பின்னுக்குப் போகின்றன. இன்பமே கிடைக்காதபோதும் பழக்கம் தொடர்கிறது. ஆறு மாதமோ அதற்கு மேலோ இப்படி நீடித்து, வாழ்க்கையைப் பாதித்தால்தான் டாக்டர்கள் இதைக் கோளாறாகக் கருதுகிறார்கள்.

குற்ற உணர்ச்சி மட்டும் இருந்தால் அது இந்த நோய் அல்ல என்பதையும் ஐசிடி-11 தெளிவாகச் சொல்கிறது. நம் இளைஞர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். சுய இன்பத்தால் 'சத்து போய்விடும்' என்று பயந்து, தூக்கமும் பசியும் கெட்டு, உடல் சோர்ந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். இந்திய மனநல மருத்துவர் என்.என்.விக் 1960-இல் இதற்கு 'தாது நோய்க்குறி' என்று பெயரிட்டார். அங்கே வாட்டுவது பயமும் மனச்சோர்வும்தான். லேகியத்துக்கும் பொடிக்கும் நூறு நூறு வெள்ளியாகக் கொடுப்பதால் அவை தீராது. உள்ளே இருக்கும் மனச்சோர்வு கவனிக்கப்படாமல் முற்றிவிடும் ஆபத்தும் உண்டு.

உண்மையிலேயே கட்டுப்பாடு இழந்தவர்களிடமும் மனச்சோர்வு, பதற்றம், குடிப்பழக்கம் ஆகியவை அடிக்கடி சேர்ந்தே காணப்படுகின்றன. தனிமையும் கவலையும் அழுத்தும்போது கைப்பேசித் திரையில் சற்று நேரம் ஆறுதல் தேடுகிறார்கள். பிறகு வெட்கம் வருகிறது. அந்த வெட்கத்தை மறக்க மறுபடியும் அதே இடத்துக்குப் போகிறார்கள்.

வேறு காரணங்களும் உண்டு. இதுவரை அடக்கமாக இருந்தவர் திடீரென்று தூக்கமின்றி, ஓயாமல் பேசி, பணத்தை வாரியிறைத்து, பாலியல் விஷயத்திலும் எல்லை மீறினால், அது பைபோலார் எனும் இருமுனைக் கோளாறாக இருக்கலாம். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கப்படும் பிராமிபெக்சோல் போன்ற மாத்திரைகளும் சிலருக்கு இத்தகைய உந்துதலைக் கிளப்பிவிடும். வீட்டில் தாத்தா 'இந்த வயதில் இப்படியா' என்று ஏச்சு வாங்கிக்கொண்டிருப்பார். காரணம் மாத்திரையாக இருக்கும். டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்தவும் கூடாது.

சிகிச்சை உண்டு. எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்சி தரும் சிபிடி எனும் பேச்சு சிகிச்சை முதன்மையானது. தேவைப்பட்டால் மனச்சோர்வுக்கான மாத்திரைகளும் கொடுப்பார்கள். ஒன்று மட்டும்: பிறரை வற்புறுத்துவதும் சிறுவர்களைத் தொடுவதும் குற்றம். நோய் என்று சொல்லி அதற்கு யாரும் தப்பிக்க முடியாது.

முதலில் போக வேண்டிய இடம் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. தேவைப்பட்டால் அங்குள்ள டாக்டரே மனநல நிபுணரிடம் அனுப்புவார். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவாரோ என்ற பயம் சிறிய ஊரில் நியாயமானதுதான். கவுண்டரில் விவரம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. 'மன உளைச்சல், டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும்' என்றால் போதும். நேரில் போகத் தயங்குபவர்கள் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவையை 15555 என்ற எண்ணில் அழைக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இருக்கிறார்கள்.