மெயின்பிரேம் மென்பொருள் கட்டணம்

மெயின்பிரேம் என்பது வங்கி, காப்பீடு, விமானப் பயணப்பதிவு போன்ற துறைகளின் கணக்குகளை இடைவிடாது கையாளும் பெருங்கணினியாகும். 1964 ஏப்ரலில் ஐபிஎம் நிறுவனம் அறிவித்த சிஸ்டம்/360 வரிசையின் வழிவந்த இன்றைய இயந்திரங்கள் வேகத்திலோ நம்பகத்திலோ பின்தங்கியவை அல்ல என்பதால், அவற்றைக் கைவிட்ட நிறுவனங்கள் பலவற்றை அந்த முடிவுக்குத் தள்ளியது இயந்திரத்தின் முதுமையைவிட மாதாமாதம் வந்த பில்லே எனலாம்.

தொடக்கத்தில் மென்பொருளுக்குத் தனி விலை இல்லை. இயந்திர வாடகையிலேயே அது அடங்கியிருந்தது. ஏகபோகத்துக்கு எதிராக அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்த 1969ஆம் ஆண்டின் ஜூன் மாதத்தில், மென்பொருளையும் சேவைகளையும் பிரித்து விலையிடப்போவதாக ஐபிஎம் அறிவித்தது. சிஸ்டம்/360ஐ வடிவமைத்தவர்களுள் முதன்மையானவரான ஜீன் அம்டால் 1970இல் தனி நிறுவனம் தொடங்கி, 1975 முதல் அதே மென்பொருளை ஓட்டவல்ல போட்டி இயந்திரங்களை விற்றார். அம்டால் பெயர் பொறித்த காபிக் குவளையை மேசைமேல் வைத்திருந்தாலே ஐபிஎம் விற்பனையாளர் விலையைக் குறைப்பார் என்றொரு பேச்சு துறையில் வழங்கியது. 2000 வாக்கில் அம்டாலும் மற்றொரு போட்டியாளரான ஹிட்டாச்சியும் இச்சந்தையிலிருந்து விலகவே, குவளையின் மகிமையும் போயிற்று.

அதன்பின் பரவிய முறையில் கட்டணம் மின்மீட்டர் போல ஓடுகிறது. இயந்திரத்தின் உழைப்பு எம்.எஸ்.யூ. என்னும் அலகில் அளக்கப்பட்டு, தொடர்ச்சியான நான்கு மணி நேரச் சராசரிகளில் அம்மாதத்தின் மிக உயர்ந்தது எதுவோ அதற்கே பில் போடப்படுகிறது. மாதம் முழுவதும் 300 அலகில் ஓடும் கணினி, கணக்கு முடிக்கும் ஓர் இரவில் மட்டும் நான்கு மணி நேரம் 500ஐத் தொட்டால், அந்த 500க்கே பணம் கட்டவேண்டும். இதற்கு அஞ்சி, விலைகொடுத்து வாங்கிய வேகத்துக்குத் தாமே கடிவாளம் போடும் வழக்கமும் உண்டாயிற்று.

பயன்பாடு கூடக்கூட ஓர் அலகின் விலை குறையும்படி விலைப்பட்டியல் அமைந்திருப்பதால், சிறு நிறுவனமே அதிகம் நசுங்குகிறது. அது பணிகளில் பாதியை வேறு சர்வர்களுக்கு மாற்றினாலும் பில் பாதியாகக் குறைவதில்லை; எஞ்சிய ஒவ்வோர் அலகும் முன்னைவிட விலை கூடியதாகிறது. முழுவதும் வெளியேறுவதானால் பல்லாண்டுகளாகக் கோபால் (COBOL) என்னும் கணினி மொழியில் எழுதிச் சேர்த்த நிரல்களை மாற்றியமைக்க வேண்டும். அது முடியும்வரை பழைய பில்லோடு புதிய பில்லையும் சேர்த்தே கட்டவேண்டும். தரவுத்தளப் பணிகளுக்காக 2006இல் வந்த, மென்பொருள் கட்டணக் கணக்கில் சேராத ஜிப் என்னும் தனிச் செயலியும், உச்ச அளவைச் சாராத 2019ஆம் ஆண்டின் கட்டண முறையும் இவ்வெளியேற்றத்தைத் தடுக்க ஐபிஎம் அளித்த சலுகைகளாகக் கருதத்தக்கவை.