மெத்தைத் தூசிக்கும் இறாலுக்கும் என்ன சொந்தம்?

வீட்டுத் தூசி ஆஸ்துமாவைக் கிளப்பும் என்பது 1920களிலேயே டாக்டர்களுக்குத் தெரியும். தூசியில் எது என்பதுதான் பிடிபடவில்லை. 1960களில் நெதர்லாந்தின் லைடன் நகரில் வூர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா குழுவினர் ஆளைப் பிடித்தார்கள். நம் தோலில் உதிரும் செதிலைத் தின்று மெத்தையில் குடித்தனம் நடத்தும் மைட் என்ற எட்டுக்கால் நுண்ணுயிர். வீட்டில் ஈரம் இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். அலர்ஜியைத் தருவதில் அதன் எச்சத்துக்குப் பெரும்பங்கு உண்டு என்று 1981இல் தெரிந்தது. (சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மன்னிக்கவும்.)

இறால் கதை நடந்தது நம்ம பெங்களூரில். இந்திய அறிவியல் கழகத்தின் சுப்பா ராவ் குழு, அமெரிக்க டாக்டர் மெட்கால்ஃபுடன் சேர்ந்து நம் கடற்கரை வெள்ளை இறாலை ஆராய்ந்தது. வேகவைத்தாலும் அழியாத அலர்ஜிப் புரதம் அதில் இருப்பதாக 1989இல் எழுதினார்கள். 1993இல் அது ட்ரோபோமயோசின் என்ற தசைப் புரதம் என்று உறுதியானது. மறு வருடமே நெதர்லாந்து ஆய்வு ஒன்று, இறால், மைட், பூச்சிகள் மூன்றிலும் இதே சாயல் இருப்பதைக் காட்டியது. எல்லாமே கணுக்காலிகள், பங்காளிகள்தானே!

எங்கள் வங்கி பாஷையில் சொன்னால், மைட்டின் மாதிரிக் கையெழுத்தை வைத்துக்கொண்டு உடம்பு இறாலின் செக்கையும் பாஸ் செய்துவிடுகிறது. ஆட்டுக்கறி, கோழியின் கையெழுத்து நம்முடையதைப் போலவே இருப்பதால் உடம்பு பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

2003இல் வந்த ஆய்வுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மத விதிப்படி இறாலைத் தொடாத யூதர்கள், ஆனால் மைட் அலர்ஜி உள்ளவர்கள். அவர்களில் சிலரின் ரத்தம் இறால் புரதத்தைப் பிடித்தது!

கொல்கத்தாவில் என் மகளின் ரத்தப் பரிசோதனையில் "இறால்: பாசிட்டிவ்" என்று வந்தபோது, சைவமான எங்கள் வீட்டில் நடந்த கூத்தைக் கேட்காதீர்கள். எந்தத் தோழி வீட்டில் சிங்ரி சாப்பிட்டாய் என்று அம்மா அவளை ஒரு வாரம் குடைந்தார். சத்தியம் செய்தும் நம்பவில்லை. யூதர் கதையைச் சொன்ன பிறகுதான், "அப்போ குழந்தை பொய் சொல்லலியா?" என்று கேட்டுவிட்டு அவளுக்குத் தலை வாரப் போனார்.

மைட் அலர்ஜிக்காரர்கள் எல்லாருக்கும் இப்படி வராது. பலருக்கு ஒத்துக்கொள்ளாதது மைட்டின் வேறு புரதங்கள். பாசிட்டிவ் என்றாலே நோய் என்றும் அர்த்தமில்லை. இதுவரை பிரச்சினையில்லாமல் இறால் சாப்பிடும் வீடுகள், தாளை மட்டும் பார்த்து நிறுத்தாமல் அலர்ஜி டாக்டரைக் கேளுங்கள். உதடு வீங்கியவர்கள், மூச்சு முட்டியவர்கள் வீட்டில் தின்று சோதிக்கவே வேண்டாம். படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் மைட் சாகும்.