கேடயம் யாருக்கு?

1629-ஆம் ஆண்டு, மார்ச்சு மாதம் 2-ஆம் தேதி. லண்டனில் பார்லிமெண்டின் பொதுச் சபை கூடியிருந்தது. சபையை ஒத்தி வைக்கும்படி அரசர் முதலாம் சார்லஸிடமிருந்து கட்டளை வந்தது. சபாநாயகர் ஜான் பின்ச் ஆசனத்தை விட்டு எழுந்தார். அவர் எழுந்து போய்விட்டால் சபை முடிந்த மாதிரிதான். இரண்டு அங்கத்தினர்கள் பாய்ந்து சென்று, அவரைப் பிடித்து அழுத்தி, மறுபடியும் ஆசனத்திலேயே உட்கார வைத்தார்கள். பாவம், சபாநாயகர் கண்ணீர் விட்டு அழுதார். கதவு உட்புறம் பூட்டப்பட்டது. அரசரின் தூதர் வெளியே நின்று தட்டிக் கொண்டிருக்க, பார்லிமெண்டின் சம்மதமில்லாமல் வரி வாங்குவதைக் கண்டிக்கும் தீர்மானம் உள்ளே வாசிக்கப்பட்டது.

இப்படி ஒரு காட்சியை நான் நாவலில் எழுதினால், "ஆசாமி கொஞ்சம் அதிகமாகவே அளக்கிறார்" என்று நீங்கள் சொல்லக்கூடும். ஆனால் இது சரித்திரம்.

இந்தக் கலவரத்தின் மூல புருஷர் ஸர் ஜான் எலியட். அவரைச் சிறையில் போட்டு விசாரித்தார்கள். "சபையில் நான் பேசியதைப் பற்றிச் சபைதான் கேட்கலாம், கோர்ட்டு கேட்க முடியாது" என்பது அவர் கட்சி. அதற்கு மேல் பதில் சொல்ல மறுத்தார். 2,000 பவுன் அபராதமும் காவலும் கிடைத்தன. வருத்தம் தெரிவித்துப் பணிந்திருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் பணியவில்லை. 1632 நவம்பரில் லண்டன் கோட்டைச் சிறையிலேயே உயிர் விட்டார். தகப்பனாரின் உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டு போக மகன் அனுமதி கேட்டபோது, அரசர் அதையும் மறுத்து விட்டார்.

எலியட்டுக்கு எதிரான தீர்ப்பு 1668-ல் ரத்தாயிற்று. பார்லிமெண்டில் பேசும் பேச்சை வெளியே எந்தக் கோர்ட்டும் கேள்வி கேட்கக் கூடாது என்று 1689-ஆம் வருஷத்து உரிமைச் சாசனம் விதித்தது. அந்தக் கேடயத்தைத்தான் நம் அரசியல் சட்டத்தை வகுத்தவர்களும் எடுத்துக் கொண்டார்கள். 105-ஆம் ஷரத்து பார்லிமெண்டு அங்கத்தினர்களுக்கு, 194-ஆம் ஷரத்து மாகாணச் சட்டசபைக்காரர்களுக்கு. சபையில் சொன்ன சொல்லுக்காகவும் போட்ட வோட்டுக்காகவும் அவர்கள் மேல் வழக்குத் தொடர முடியாது.

இனி நம் ஊர்க் கதை. 1993 ஜூலை 28-ஆம் தேதி, நரசிம்மராவ் அரசாங்கத்தின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வோட்டுக்கு விடப்பட்டது. ஆதரவு 251, எதிர்ப்பு 265. அரசாங்கம் பிழைத்தது. பிற்பாடு, ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா கட்சியினர் முதலிய சிலர் பணம் வாங்கிக் கொண்டு வோட்டுப் போட்டார்கள் என்று வழக்கு எழுந்தது. அவர்கள் கையில் எடுத்த கேடயம் எது தெரியுமா? அதே 105-ஆம் ஷரத்து!

1998 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். மூவர் ஒரு பக்கம், இருவர் மறு பக்கம். பணம் வாங்கியதாகச் சொல்லப்பட்டவர்களில் வோட்டுப் போட்டவர்களுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. வோட்டுப் போடாமல் இருந்துவிட்ட அஜித் சிங்குக்குப் பாதுகாப்பு இல்லை. கொடுத்ததாகச் சொல்லப்பட்டவர்களுக்கும் இல்லை. (நரசிம்மராவ் 2000-ல் தண்டிக்கப்பட்டு, 2002-ல் ஹைக்கோர்ட்டில் விடுதலையானார்.)

யோசித்துப் பாருங்கள். கூலி வாங்கி வேலையை முடித்தவன் தப்பலாம். கூலி வாங்கி வேலை செய்யாதவன் கூண்டில் ஏற வேண்டும்! லஞ்சத்திலும் நாணயம் வேண்டும் என்று சட்டமே உபதேசிப்பது போல் ஆகிவிட்டது.

இந்த விபரீதம் ஏறக்குறைய 26 வருஷம் நீடித்தது. அதே கட்சியைச் சேர்ந்த சட்டசபை அங்கத்தினர் சீதா சோரன், 2012-ஆம் வருஷத்து ராஜ்ய சபைத் தேர்தலில் பணம் பெற்றதாக எழுந்த வழக்கில், பழைய தீர்ப்பின் நிழலில் ஒதுங்கப் பார்த்தார். 2024 மார்ச்சு 4-ஆம் தேதி, ஏழு நீதிபதிகள் ஒருமனதாக அந்தப் பழைய தீர்ப்பையே தள்ளி விட்டார்கள். கை நீட்டிப் பணம் வாங்கியவுடனேயே குற்றம் பூர்த்தியாகி விடுகிறது. பிறகு எப்படி வோட்டுப் போட்டார், போட்டாரா இல்லையா என்பதெல்லாம் அதற்குச் சம்பந்தமில்லை என்றார்கள்.

சபைகள் தாமாகவும் தண்டித்ததுண்டு. 1951-ல், பணம் பெற்றுச் சபையில் காரியம் பார்த்ததாக முத்கல் என்ற அங்கத்தினர் மேல் புகார் வந்தபோது, நேருவே அவரை வெளியேற்றத் தீர்மானம் கொண்டு வந்தார். 2005-ல் கேள்வி கேட்கக் காசு வாங்கிய 11 பேர் பதவி இழந்தார்கள். ஆனால் பதவி போவது வேறு. சாதாரணக் குடிமகனைப் போலச் சட்டத்தின் முன்னால் வந்து நிற்பது வேறு. தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தா பத்து ரூபாய் வாங்கினால் கோர்ட்டுக்குப் போகிறான். அவனுக்குச் சட்டம் செய்கிறவர் மட்டும் வாசற்படியிலேயே நின்றுவிட்டால், வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

கேடயம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால், அதிகாரத்தில் இருப்பவர்களை எதிர்த்து ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் அது அங்கத்தினருடைய சொந்தச் சொத்து அல்ல. அவரை அனுப்பி வைத்த ஜனங்களின் சொத்து. எலியட் அதைத் தமக்காகக் கேட்கவில்லை. தமக்கென்று அவர் கேட்டிருக்கக் கூடியது விடுதலை ஒன்றுதான். அது கிடைக்காமலே அவர் செத்துப் போனார்.